லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ: பழைய லேப்டாப் திரைக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பழைய லேப்டாப்பை ஃபார்மட் செய்து சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டால் முதலில் முரண்டு பிடிப்பது பெரும்பாலும் திரைதான். எழுத்தெல்லாம் பெருத்து மங்கலாக, பக்கவாட்டில் பிடித்து இழுத்த மாதிரி இருக்கும், வெளிச்சத்தைக் குறைக்கும் பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்காது, மூடித் திறந்தால் கறுப்புத் திரை. அத்தோடு அதன் ஆயுசு முடிந்தது என்று பலர் ஓரங்கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஃபார்மட் செய்யும்வரை நன்றாக இருந்த திரை அதற்குப் பிறகு கெட்டது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது டிரைவரை, அதாவது சிஸ்டத்தையும் கிராஃபிக்ஸ் சிப்பையும் பேசவைக்கும் மென்பொருளை.

இங்கே விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச சிஸ்டமான லினக்ஸ் மின்ட் 22-இன், எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப் கொண்ட பதிப்பைத் திரை விஷயத்தில் மட்டும் எடை போடுகிறேன். நான் போட்டிருப்பது இன்டெல் ஐவி பிரிட்ஜ் தலைமுறை மெஷின், அதாவது 2012 வாக்கில் வந்தது. இன்டெல் எச்டி 4000 கிராஃபிக்ஸ், 4 ஜிபி ராம், 1366×768 திரை. இந்த வயதில் ஏகப்பட்ட லேப்டாப்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, அதனால் இது பலருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

விண்டோஸையே மறுபடி போட்டால் என்ன என்று கேட்கலாம், போடலாம்தான். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, டைரக்ட்எக்ஸ் 12 தெரிந்த கிராஃபிக்ஸும் அதற்கேற்ற டிரைவரும் கேட்கிறது; பழைய மெஷின்கள் முறைப்படி உள்ளே நுழைய முடியாது. புதிதாக விண்டோஸ் போட்டதும் சரியான டிரைவர் கிடைக்காவிட்டால் டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். படம் தெரிய வேண்டும் என்பதற்கான குறைந்தபட்ச ஏற்பாடு அது. வெளிச்சக் கட்டுப்பாடு இருக்காது, இரண்டாவது மானிட்டர் வராது, வீடியோ ஓட்டினால் பாரம் முழுக்க சிபியு தலையில் விழும். விண்டோஸ்தான் வேண்டும் என்பவர்கள் அந்த அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள்: 8086 என்று இருந்தால் இன்டெல் சிப், 1002 என்றால் ஏஎம்டி, 10டிஇ என்றால் என்விடியா. அதை வைத்து லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரைத் தேடுவதே பாதுகாப்பான வழி. எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் போட்டுத் தருவதாகச் சொல்லும் விளம்பர மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள்.

சரி, மின்டுக்கு வருவோம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, எதையும் அழிக்காமல் பென்டிரைவிலிருந்தே முழு டெஸ்க்டாப்பையும் ஓட்டிப் பார்க்க முடிவது. லைவ் முறை என்பார்கள். பெரும்பாலானவர்கள் உள்ளே வந்ததும் நேராக இன்ஸ்டால் ஐகானைத் தட்டிவிடுகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து திரையைச் சோதியுங்கள்: ரெசல்யூஷன் சரியாக வருகிறதா, வெளிச்ச பட்டன் கேட்கிறதா, ஒரு வீடியோ ஓட்டினால் படம் நடுவில் கிழிகிறதா, மூடித் திறந்தால் திரை எழுந்து வருகிறதா, எச்டிஎம்ஐ அல்லது விஜிஏ வழியாக வெளி மானிட்டர் தெரிகிறதா. இங்கே ஒழுங்காக இருப்பது இன்ஸ்டால் செய்த பிறகும் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும்.

இந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. கோளாறு மென்பொருளிலா, உடம்பிலா என்று பிரித்துக் காட்டிவிடும். லேப்டாப்பை ஆன் செய்ததும், சிஸ்டம் எழுவதற்கு முன்பே வரும் பயாஸ் செட்டப்புக்குள் போய்ப் பாருங்கள், அங்கே விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. அங்கேயும் கோடுகள் விழுகின்றன என்றால் எந்தச் சிஸ்டத்தை மாற்றிப் போட்டும் பயனில்லை. கேபிளோ, பேனலோ, கிராஃபிக்ஸ் சிப்போதான் கோளாறு. வெளி மானிட்டரில் படம் சுத்தமாக வந்து லேப்டாப் திரையில் மட்டும் கோடு என்றால் சிப் தப்பித்தது. மூடியைச் சாய்க்கும் கோணத்தைப் பொறுத்துப் படம் வந்து வந்து போனால் கீலுக்குள் ஓடும் கேபிளைச் சந்தேகப்படலாம். திரை முழுக் கறுப்பாக இருந்தால் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், உள்ளே மங்கலாக டெஸ்க்டாப் தெரிந்தால் படம் வருகிறது, பின்விளக்குதான் எரியவில்லை. அது டிரைவராலும் இருக்கலாம், விளக்கே போயிருக்கலாம், பயாஸில் எரிகிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

என் மெஷினில் எச்டி 4000-ஐ மின்ட் எந்த வம்பும் இல்லாமல் அடையாளம் கண்டுகொண்டது. எங்கும் போய் டிரைவர் டவுன்லோட் செய்யவில்லை. இன்டெல் கிராஃபிக்ஸுக்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடேயே வருகிறது, முப்பரிமாண வேலையைப் பார்க்கும் மேசா என்ற பகுதி சிஸ்டத்திலேயே இருக்கிறது. இந்தத் தலைமுறை சிப்களுக்கான பழைய டிரைவரை மேசா 2022-இல் கழற்றியபோதும் அவற்றைக் கைவிடவில்லை, குரோக்கஸ் என்ற புதிய டிரைவர் அந்த இடத்துக்கு வந்தது. பத்து வருஷத்துக்கு முந்தைய சிப்புக்கு யாரோ உட்கார்ந்து புதிதாக டிரைவர் எழுதியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனசு நிறைந்துபோகிறது. ஏஎம்டியின் பழைய ரேடியான் சிப்களுக்கும் திறந்த டிரைவர் கெர்னலிலேயே உண்டு.

இப்போது முக்கியமான விஷயம், நோமோட்செட். பென்டிரைவில் பூட் செய்ததும் மின்ட் லோகோவோடு உறைந்துபோனாலோ, கறுப்பாகவே நின்றாலோ, பூட் மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்று ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய பயாஸ் மெஷின்களில் மெனு தானாக வராது, பத்து வினாடி கவுன்ட்டவுன் ஓடும்போது ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் வரும். அந்த மோட் முக்கியமாகச் செய்வது கெர்னலுக்கு நோமோட்செட் என்ற சொல்லைச் சொல்லி அனுப்புவதுதான். வழக்கமாகக் கெர்னல் பூட் ஆகும் ஆரம்பத்திலேயே கிராஃபிக்ஸ் சிப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டு ரெசல்யூஷனைத் தானே அமைக்கும். நோமோட்செட் சொன்னால் அதைத் தொடாமல், பயாஸ் கொடுத்த படத்தையே வைத்து ஓட்டும். இருட்டில் சுவிட்ச் எங்கே என்று தேட ஒரு தீக்குச்சி கிழிப்போமே, அந்த மாதிரி. இன்ஸ்டால் முடிந்து முதல் பூட்டிலும் கறுப்புத் திரையே வந்தால், எதை பூட் செய்வது என்று கேட்கும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் ரெக்கவரி மோடைத் தேர்ந்தெடுத்து 'ரெஸ்யூம்' கொடுக்க வேண்டும் என்று மின்டின் இன்ஸ்டலேஷன் வழிகாட்டியே சொல்கிறது. கிரப் மெனு கண்ணில் படாவிட்டால் பயாஸ் மெஷினில் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும், பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ உள்ள மெஷின் என்றால் எஸ்கேப் கீ.

இதுவரை சரி. இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குக் கவலை. படம் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் பலர் நோமோட்செட்டைக் கிரப் ஃபைலில் நிரந்தரமாக எழுதிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று மற்றவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். தீரவில்லை. நோமோட்செட் இருக்கும்வரை கிராஃபிக்ஸ் சிப் சும்மா உட்கார்ந்திருக்கும், எல்லாப் படத்தையும் சிபியுவே வரைந்துகொண்டிருக்கும், ஃபேன் இரைந்துகொண்டே இருக்கும், வெளிச்சக் கட்டுப்பாடு போகும், 1366×768 திரையில் 1024×768 இழுத்து ஒட்டப்பட்டு எழுத்து மங்கும். அப்புறம் அந்த மங்கலுக்கும் சூட்டுக்கும் லேப்டாப்பின் வயதைக் குற்றம் சொல்வார்கள். உங்கள் மெஷின் இந்த நிலையில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள டெர்மினலைத் திறந்து மின்டிலேயே இருக்கும் இன்க்சி என்ற கட்டளையைப் பெரிய ஜி எழுத்தோடு, அதற்கு முன்னால் ஒரு சிறு கோடு போட்டு (inxi -G) ஓட்டுங்கள். ரெண்டரர் என்ற இடத்தில் 'எல்எல்விஎம்பைப்' என்று வந்தால் சிபியுதான் வரைகிறது. இன்டெல், ஏஎம்டி, அல்லது என்விடியா சிப்பின் பெயர் வந்தால் சிப் வேலை செய்கிறது.

நிரந்தரமாக எழுதியிருந்தால் எட்சி ஃபோல்டருக்குள் டிஃபால்ட் என்ற ஃபோல்டரில் இருக்கும் கிரப் ஃபைலைத் திறந்து அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, 'சுடோ அப்டேட்-கிரப்' ஓட்டி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். எடுத்ததும் மறுபடி கறுப்புத் திரை வந்தால் உண்மையான காரணத்தைத் தேட வேண்டும். பெரும்பாலும் அது என்விடியா டிரைவர், அல்லது குறிப்பிட்ட கெர்னல் பதிப்பு. கெர்னலாக இருந்தால் மின்ட் இங்கே நன்றாகவே உதவுகிறது: அப்டேட் மேனேஜரில் வியூ மெனுவுக்குள் லினக்ஸ் கெர்னல்ஸ் என்ற பகுதி உண்டு, வேறொரு கெர்னலை அங்கிருந்தே போடலாம், பழையதை அழிக்காமல் வைத்துக்கொண்டு பூட் மெனுவில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஆரம்பத்திலேயே, சிஸ்டத்தின் அப்போதைய நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்ட்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள், எதை மாற்றிப் பார்த்தாலும் பயம் இருக்காது.

ரெசல்யூஷன் பற்றி. மின்ட் குறைந்தது 1024×768 கேட்கிறது. 800×600-இல் மாட்டிக்கொண்டால் இன்ஸ்டாலரின் பட்டன்கள் திரைக்குக் கீழே போய்விடும், அப்போது ஆல்ட் கீயைப் பிடித்துக்கொண்டு விண்டோவை மவுஸால் மேலே இழுத்தால் பட்டன் தெரியும். டிரைவரெல்லாம் ஒழுங்காக இருந்தும் சரியான ரெசல்யூஷன் பட்டியலிலேயே இல்லை என்றால், பேனல் தன் அளவைச் சொல்லும் தகவல் கிராஃபிக்ஸுக்குப் போய்ச் சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். ஈடிஐடி என்பது அதன் பெயர். சிவிடி கட்டளையால் அளவைக் கணக்கிட்டு எக்ஸ்ரேண்டர் கட்டளையால் கைமுறையாகச் சேர்க்க வழி உண்டு, ஆனால் 1366×768 கேட்டால் சிவிடி 1368×768 என்றுதான் கொடுக்கும். எண்ணைத் தப்பாக அடித்துவிட்டோமோ என்று குழம்ப வேண்டாம், அந்தக் கணக்கு அகலத்தை எட்டின் மடங்காகத்தான் எடுத்துக்கொள்ளும், 1366 எட்டால் வகுபடாது.

பழைய இன்டெல் மெஷின்களில் இன்னொரு விசித்திரம் வரும். வெறும் வால்பேப்பர் மட்டும் தெரியும், டாஸ்க்பாரும் மெனுவும் காணாமல் போயிருக்கும். இல்லாத ஒரு டிவி அவுட்புட்டை இருப்பதாக நினைத்து எல்லாவற்றையும் அந்தத் திரைக்கு அனுப்பியிருக்கும். டிஸ்பிளே செட்டிங்ஸில் அந்தப் பேய்த் திரையை அணைத்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

வெளிச்சக் கட்டுப்பாட்டில்தான் நான் மின்டுக்கு மதிப்பெண் குறைக்கிறேன். பழைய லேப்டாப்களில் பின்விளக்கைக் கட்டுப்படுத்த ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கும்: பயாஸ் வழி, தயாரிப்பாளரின் சொந்த வழி, கிராஃபிக்ஸ் சிப்பின் வழி. கெர்னல் இவற்றில் தவறானதைப் பிடித்துக்கொண்டால் பட்டனை அமுக்கும்போது திரையில் பட்டை ஏறி இறங்கும், வெளிச்சம் மட்டும் அசையாது. தீர்வு எளிமையானதுதான். மேலே சொன்ன அதே கிரப் ஃபைலில் 'ஏசிபிஐ அடிக்கோடு பேக்லைட்' (acpi_backlight) என்ற ஆப்ஷனுக்கு நேட்டிவ், வீடியோ, வெண்டார் என்ற மூன்றையும் ஒவ்வொன்றாகக் கொடுத்து ரீஸ்டார்ட் செய்து பார்த்தால் ஏதாவது ஒன்று பொதுவாகக் கேட்கும். ஆனால் ஒரு சாதாரண மனிதர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? டிரைவர் மேனேஜருக்கும் கெர்னல் மாற்றவும் அவ்வளவு அழகாக விண்டோ போட்டுக் கொடுத்தவர்கள் இதற்கு ஒரு விண்டோ கொடுக்கவில்லை. முழு வெளிச்சத்திலேயே மாட்டிக்கொண்ட திரையை இரவில் வெகுநேரம் பார்ப்பவருக்குக் கண் எரியும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். ரெசல்யூஷன் கொஞ்சம் தப்பாக இருப்பதைவிட இது பெரிய குறை என்றே சொல்வேன்.

வீடியோ கிழிவது எக்ஸ்எஃப்சிஇ-யில் முன்பு பெரிய புகார். இப்போது விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில், விண்டோக்களை ஒன்றுசேர்த்துத் திரையில் காட்டும் கம்பாசிட்டர் பகுதிக்குப் போய் அது ஆனாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும், என் மெஷினில் அதை ஆன் செய்ததும் கிழிசல் நின்றது. மிகவும் பலவீனமான கிராஃபிக்ஸ் என்றால் அதையே அணைத்தால் மெஷின் லேசாகும், எது தேவையோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். யூடியூப் திணறுவது வேறு கதை, ஐவி பிரிட்ஜுக்கு யூடியூப் பயன்படுத்தும் விபி9 வகை வீடியோவைச் சிப்பில் பிரிக்கத் தெரியாது, எச்.264 என்ற பழைய வகைதான் தெரியும். அதனால் 720பி-யில் பார்ப்பது நல்லது.

எழுத்து மட்டும் சொரசொரவென்று இருந்தால் அப்பியரன்ஸில் ஃபான்ட்ஸ் பகுதியில் ஹின்டிங், சப்-பிக்சல் வரிசை இரண்டையும் மாற்றிப் பாருங்கள். குறைந்த ரெசல்யூஷன் திரையில் இந்தச் சின்ன மாற்றம் நன்றாகவே தெரியும், தமிழ் எழுத்தின் சுழிகளில் இன்னும் நன்றாக.

என்விடியா சிப் உள்ளவர்கள் மட்டும் கொஞ்சம் யோசித்து இறங்க வேண்டும். மின்டின் டிரைவர் மேனேஜர் அருமையான கருவி, பொருத்தமான டிரைவர் இருந்தால் காட்டும், தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. ஆனால் பழைய சிப்களுக்கு டிரைவரே கைவிடப்பட்டிருக்கிறது: 340 வரிசை டிரைவருக்கான ஆதரவை என்விடியா 2019 இறுதியோடும் 390 வரிசைக்கு 2022 இறுதியோடும் முடித்துக்கொண்டது. அந்தக் காலத்துச் சிப் என்றால் டிரைவர் மேனேஜர் காலியாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், இணையத்தில் கிடைக்கும் பழைய டிரைவர் ஃபைலைக் கொண்டுவந்து வலுக்கட்டாயமாகப் போடவும் வேண்டாம், புதிய கெர்னலோடு அது மோதினால் திரையே வராது. கெர்னலோடு வரும் நுவோ என்ற திறந்த டிரைவர் டெஸ்க்டாப்புக்கும் படிப்பு எழுத்து வேலைக்கும் போதும், கேமுக்குப் போதாது. இன்டெல், என்விடியா இரண்டும் இருக்கும் லேப்டாப்பாக இருந்து பயாஸில் தனிக் கார்டை அணைக்க வசதியும் இருந்தால் அணைத்துவிடுங்கள், திரைத் தொல்லையும் குறையும், சூடும் குறையும்.

இரண்டு வகை மெஷின்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்று 32-பிட் பிராசசர் மட்டும் உள்ளவை. மின்டின் முக்கியப் பதிப்பு 19.3-ஓடு 32-பிட்டை விட்டுவிட்டது, பென்டிரைவ் பூட்டே ஆகாது. இன்னொன்று ஜிஎம்ஏ 500 அல்லது ஜிஎம்ஏ 3600 உள்ள பழைய நெட்புக்குகள். பெயர் இன்டெல் என்றாலும் உள்ளே இருப்பது பவர்விஆர் கிராஃபிக்ஸ், அதற்கு லினக்ஸில் படம் காட்டும் அளவுக்குத்தான் ஆதரவு, முப்பரிமாண வேகம் கிடையாது. அப்படி ஒன்று கையில் இருந்தால் லைவ் முறையில் ஒரு வீடியோவை ஓட்டிப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள், இன்ஸ்டால் ஐகானை அதுவரை தொடவேண்டாம்.